பறவை ஓட்டியவள்

ஆச்சிக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு வேதம் வாசித்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சாயங்காலம் விளக்கு வைத்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எங்கன விட்டோம்?" என்பாள். விட்ட இடம் அவளுக்கே தெரியும். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை, வம்ச வரலாற்றில் ஒரு பெயரைக்கூட விடாமல் கேட்டாக வேண்டும் அவளுக்கு.

அன்றைக்கு இரண்டாம் சாமுவேலில் இருபதாம் அதிகாரம் முடிந்திருந்தது. இருபத்தொன்றை மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தேன். பார்த்ததும் பக்கத்தைப் புரட்டி, இருபத்திரண்டில் தாவீதின் பாட்டைத் தொடங்கிவிட்டேன். "கர்த்தர் என் கன்மலையும், என் கோட்டையும்..."

"ஏட்டி, ஒரு அதிகாரத்த முழுங்கிட்டியே."

"அது வேண்டாம் ஆச்சி. நல்லாயில்ல."

"நல்லாயிருக்கோ இல்லையோ, எழுதியிருக்குல்லா? வாசி."

வாசித்தேன். பத்தாம் வசனத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பாறையில அத்தன மாசம் கெடந்தாளே, அவளுக்கு யாரு கஞ்சி கொடுத்துருப்பா?"

நான் பிறகு படித்த விளக்க உரைகள் எதிலும் இந்தக் கேள்வியைப் பார்க்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாவீது ராஜாவாக இருந்தபோது மூன்று வருஷம் தொடர்ந்து பஞ்சம். காரணம் என்னவென்று தாவீது கர்த்தரிடம் விசாரிக்கிறான். அவனுக்கு முன் ராஜாவாக இருந்த சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழி என்று பதில் வருகிறது. கிபியோனியர் இஸ்ரவேலர் அல்ல. யோசுவாவின் காலத்தில், தேய்ந்த செருப்பையும் பூசணம் பிடித்த அப்பத்தையும் காட்டி, தூரதேசத்திலிருந்து வந்தவர்கள்போல நடித்து உடன்படிக்கை வாங்கியவர்கள். தந்திரம் செய்து வாங்கியதானாலும் ஆணை ஆணைதான். அதைச் சவுல் மீறினான் என்பது குற்றச்சாட்டு. ஆனால் சவுல் எப்போது, எங்கே அவர்களைக் கொன்றான் என்று சாமுவேலின் புத்தகங்களில் வேறெங்கும் ஒரு வரி இல்லை. இந்த இடத்தில்தான் முதலும் கடைசியுமாகக் கேள்விப்படுகிறோம்.

அடுத்து நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பஞ்சத்தின் காரணத்தைத் தாவீது கர்த்தரிடம் கேட்டான். பரிகாரத்தை அவரிடம் கேட்கவில்லை, கிபியோனியரிடம் கேட்டான். "உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" வெள்ளியும் பொன்னும் வேண்டாம், சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களைக் கொடு, சவுலின் ஊரான கிபியாவிலேயே தூக்கிப் போடுகிறோம் என்கிறார்கள். கொடுக்கிறேன் என்கிறான் ராஜா. அந்த ஏழு பேரை ஆண்டவர் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. சிறு வயதில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள், கடவுளே கேட்டார் என்பதுபோலத்தான் சொன்னார்கள். முப்பது வயதுக்கு மேல், பென்சிலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் இந்த இடைவெளி என் கண்ணில் பட்டது.

அந்த ஏழு பேரும் செத்தால் தாவீதுக்கு ஆதாயமும் உண்டு. சவுலின் வீட்டில் சிங்காசனத்துக்கு உரிமை கோர ஆளிருக்காது. சவுலின் குடும்பத்தானான சீமேயி, ஓடிப்போகிற தாவீதின்மேல் கல்லெறிந்து "இரத்தப்பிரியனே" என்று தூஷித்தது ஐந்து அதிகாரம் முன்னால் இருக்கிறது. அதிகார வரிசையில் பின்னால் வந்தாலும் இந்தச் சம்பவம் முன்பே நடந்திருக்கலாம், அந்த வசவு இதை மனதில் வைத்துத்தானோ என்று வேத அறிஞர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உபாகமம் என்ன சொல்கிறது? பிள்ளைகளுக்காகத் தகப்பன்மாரும், தகப்பன்மாருக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படலாகாது. இது இருபத்துநாலாம் அதிகாரம். மரத்தில் தூக்கப்பட்டவனின் பிணம் ராத்திரி முழுவதும் அங்கே இருக்கலாகாது, அன்றே அடக்கம்பண்ண வேண்டும். இது இருபத்தொன்றாம் அதிகாரம். கிபியாவில் இரண்டும் மீறப்பட்டன. யூத ரபிமார்களும் இதைச் சும்மா கடந்துபோகவில்லை. மோசேயின் சட்டமான தோராவே தடுத்ததை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி, ரபிமார்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் வெளிப்படையாக எழுப்பப்படுகிறது. அந்நியர்களுக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டு, கடவுளின் நாமம் ஊரறியத் தூஷிக்கப்படுவதைவிட, தோராவின் ஓர் எழுத்து பிடுங்கப்படுவது மேல் என்று ரபி யோகனான் பதில் சொல்கிறார். ஒண்டவந்த ஜனத்துக்கும் நீதி வேண்டும் என்கிற அந்தப் பதிலின் நேர்மை எனக்குப் பிடிக்கும். அது எனக்குப் போதாது. அந்த ஏழு பேர் யாரையும் கொன்றதாக வேதத்தில் இல்லை.

அவர்களில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அர்மோனி, மேவிபோசேத். மற்ற ஐந்து பேர் சவுலின் மகளுடைய பிள்ளைகள். நம் வேதப்புத்தகத்தில் மீகாள் என்று இருக்கிறது. சில பழைய பிரதிகளில் அவள் அக்கா மேராப். கணவன் பெயர் ஆதரியேல் என்பதால் மேராப் என்பதே பொருந்தும். இன்னொரு மேவிபோசேத்தும் உண்டு, சவுலின் மகனும் தாவீதின் நண்பனுமான யோனத்தானின் மகன், இரண்டு காலும் முடமானவன். தாவீது யோனத்தானுக்குக் கொடுத்த ஆணைக்காக அவனைத் தப்பவிட்டான். அவன் ராஜாவின் பந்தியில் நித்தம் சாப்பிடுகிறவன். ஒரே பெயர், ஒரே வம்சம். ஒருவன் பந்தியில், ஒருவன் மலையில்.

ரிஸ்பாள் யார்? சவுலின் மறுமனையாட்டி. அதற்கு முன் ஒரே ஒரு இடத்தில் அவள் பெயர் வருகிறது. சவுல் செத்த பிறகு, அவன் மகன் இஸ்போசேத் படைத்தலைவன் அப்னேரைப் பார்த்து, என் தகப்பனின் மறுமனையாட்டியிடம் நீ போனது என்ன என்று கேட்கிறான். இரண்டு ஆண்களுக்கும் அதிகாரச் சண்டை. நடந்ததா, நடந்திருந்தால் அவள் சம்மதித்தாளா என்பதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. வேதம் முழுவதிலும் அவள் வாய் திறந்து பேசிய ஒரு சொல் கிடையாது.

அவள் பெயருக்கு எபிரேயத்தில் தழல் என்று ஒரு பொருள் உண்டு. ஏசாயா ஆறாம் அதிகாரத்தில் சேராபீன்களில் ஒருவன் பலிபீடத்திலிருந்து குறட்டால் ஒரு நெருப்புத்தழலை எடுத்துவந்து தீர்க்கதரிசியின் வாயைத் தொடுகிறானே, அங்கே வருவதும் இதே சொல்தான். இதை அறிந்த நாளிலிருந்து ஏசாயாவின் அழைப்பைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், பாறைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஊமைத்தாய் எனக்கு ஞாபகம் வருகிறாள்.

வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில் ஏழு பேரையும் கொன்றார்கள். ரிஸ்பாள் ஒரு இரட்டுத்துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையின்மேல் விரித்தாள். வானத்திலிருந்து அவர்கள்மேல் மழை பெய்யுமட்டும் அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டுமிருகங்களையும் அவர்களை அண்டவிடவில்லை. அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு என்றால் பஸ்கா காலம், ஏப்ரல் மாதம். முன்மாரி வழக்கமாக அக்டோபரில். நடுவில் சித்திரை வெயிலைப் போன்ற வெயில் மாதக்கணக்கில். உடல்கள் அழுகியிருக்கும், பிறகு காய்ந்திருக்கும், கடைசியில் எலும்புதான் மிஞ்சியிருக்கும். ஆனாலும் போகவில்லை. தன் பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் அவள் காத்ததாகவும் எழுதியில்லை. "அவர்கள்மேல்" என்றுதான் இருக்கிறது. ஏழு பேரையும்.

ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதானே, இதில் என்ன மீட்பு என்று கேட்கலாம். உபாகமம் இருபத்தெட்டில் சாபங்களின் பட்டியல் ஒன்று உண்டு. உன் பிணம் ஆகாயத்துப் பறவைகளுக்கும் பூமியின் மிருகங்களுக்கும் இரையாகும், அவற்றை விரட்டுவார் இல்லாதிருப்பார்கள் என்பது அதில் ஒன்று. பறவை வரும் என்பதோடு சாபம் முடியவில்லை. விரட்ட ஆளில்லை என்பதில்தான் முடிகிறது. ராஜாவும் கிபியோனியரும் சேர்ந்து அந்த ஏழு பேர்மேல் போட்ட சாபத்தின் கடைசி வார்த்தையை ஒரு பொம்பளை, கையில் ஒரு கோலோ கல்லோ வைத்துக்கொண்டு, பலிக்கவிடாமல் செய்துவிட்டாள். விரட்ட ஆள் இருந்தது. ஆபிராமும் ஒரு நாள், உடன்படிக்கைக்காகத் துண்டித்து வைத்த பலிகளின்மேல் இறங்கிய பறவைகளைத் துரத்தினான். அது ஒரு பொழுதோடு முடிந்தது. அவனோடு ஆண்டவர் பேசினார். ரிஸ்பாளோடு யாரும் பேசியதாக இல்லை.

அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு அவன் செய்ததைத்தான் நான் பல வருஷம் கவனிக்காமலே விட்டிருந்தேன். அவன் நேரே யாபேஸ் கீலேயாத்துக்குப் போகிறான். போரில் செத்த சவுலையும் யோனத்தானையும் எதிரிகளான பெலிஸ்தர் பெத்சானின் மதிலில் தொங்கவிட்டபோது, ராத்திரி முழுவதும் நடந்துபோய் அந்த உடல்களை எடுத்துவந்தவர்கள் யாபேசின் மனுஷர். ஒரு தாய் பிணம் காத்த செய்தி கேட்டதும், எத்தனையோ வருஷமாகச் சொந்தக் கல்லறை சேராமல் கிடந்த இன்னும் இரண்டு பேரின் ஞாபகம் ராஜாவுக்கு வந்திருக்கிறது. சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவந்து, தூக்கிப்போடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, பென்யமீன் தேசத்துச் சேலாவில், சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம்பண்ணுகிறார்கள். இதற்குப் பின்புதான், தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று எழுதியிருக்கிறது.

ஏழு பேரைக் கொன்ற பின்பு அல்ல. அடக்கம்பண்ணிய பின்பு.

மழை பத்தாம் வசனத்திலேயே பெய்துவிட்டதே, அதுதானே பதில் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியும் வாசிக்க இடமிருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதை எழுதியவர், "தேவன் கேட்டார்" என்ற வார்த்தையைக் கொலைக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, குழிக்குப் பக்கத்தில் வைத்தார். அதைத் தெரிந்தேதான் வைத்தார் என்று நான் நம்புகிறேன்.

எல்லாக் கதையிலும் இப்படி ஓர் இடம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். நியாயாதிபதிகள் பத்தொன்பதில், இதே கிபியாவில், ஒரு லேவியனின் மறுமனையாட்டியை ராத்திரி முழுவதும் சீரழித்து விட்டுவிடுகிறார்கள். அவள் வந்து வாசலில் விழுகிறாள். விடியும்போது அவள் கை வாசற்படியின்மேல் கிடக்கிறது. அந்தக் கையைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியவில்லை. அங்கே ஒரு வெளிச்சத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது அவளை இன்னொரு தடவை மிதிப்பதாகவே தோன்றும். அந்த அதிகாரம், இதை யோசியுங்கள், ஆலோசியுங்கள், பேசுங்கள் என்ற கட்டளையோடு முடிகிறது. அதோடு நானும் நின்றுகொள்கிறேன்.

வேறு சில இடங்களில், பின்னால் வந்தவர்களே பறவை ஓட்டியிருக்கிறார்கள். தெபோராளின் பாட்டில், கொல்லப்பட்ட எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் தாய் பலகணி வழியே பார்த்து, மகனின் ரதம் வரக் காணோமே என்று புலம்புகிறாள். பாட்டு அவளைக் கேலிதான் செய்கிறது. ஆனால் யூதர்கள் புதுவருஷத்தில் ஆட்டுக்கொம்பு எக்காளம் ஊதும் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று விசாரித்தபோது, ரபிமார்கள் அந்தத் தாயின் அழுகையைத்தான் அளவாக எடுத்தார்கள். நூறு முறை ஊதுவது அவள் அழுத நூறு அழுகைக்காக என்று ஒரு பாரம்பரியமும் உண்டு. ஜெயித்தவர்களின் பிள்ளைகள், தங்கள் பரிசுத்தமான நாளில், தோற்றவனின் அம்மா அழுத குரலை ஊதுகிறார்கள். அந்த நாளுக்கென்று அவர்கள் வாசிக்கிற பகுதியிலும், ஆபிரகாமின் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஆகார் பிள்ளையைச் செடியின்கீழ் விட்டுவிட்டு எட்டப்போய் அழுகிறாள்.

"நீர் என்னைக் காண்கிற தேவன்" என்ற வசனம் நம் ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதைச் சொன்னவள் இந்த ஆகார், கொடுமை தாங்காமல் ஓடிய ஒரு அடிமைப்பெண் என்று, அதை மாட்டியிருக்கிற வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? பிற்பாடு ஆபிரகாமின் மகன் ஈசாக்கு குடியிருந்தது, ஆகார் அதைச் சொன்ன துரவண்டையில்தான். யாருக்காக அவளைத் துரத்தினார்களோ, அவனே அவள் துரவைத் தேடிப் போயிருக்கிறான். அவளைத் திரும்ப அழைத்துவரத்தான் போனான் என்று பழைய யூத விளக்கம் ஒன்று சொல்கிறது.

தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1719-ல் இறந்தபோது பழைய ஏற்பாட்டைத் தமிழில் ரூத் வரைக்கும் கொண்டுவந்திருந்தார். வாசற்படியில் கிடந்த அந்தக் கைக்கு அச்சிலேறும் தமிழைத் தேடியவர் அவர். மிச்சத்தை பெஞ்சமின் ஷுல்ட்சே முடித்தார், ரிஸ்பாள் அவர் பங்குக்கு வந்தாள். வாசிக்கிறவர்கள் என்னைப்போல் பக்கத்தைப் புரட்டிவிடலாம். மொழிபெயர்க்கிறவருக்கு அந்த வழி கிடையாது. எந்த வார்த்தைக்கு எந்தத் தமிழ் என்று அந்தப் பாறையருகே உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அந்த அதிகாரத்தை ஏன் முழுங்கப் பார்த்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என் மாமா, ஆச்சியின் கடைக்குட்டி, வாழைத்தோட்டத்தில் மோட்டார் போடப் போய் ஷாக் அடித்து இறந்துபோனார். ஐப்பசி மாதம். ஆஸ்பத்திரியில் அறுத்து, தைத்து, சாயங்காலம்தான் கொடுத்தார்கள். பெரிய மாமா மெட்ராஸிலிருந்து ரயிலேறி வரவேண்டும், அடக்கம் மறுநாள் என்று முடிவாயிற்று. பெஞ்சில் கிடத்தி, கீழே ஐஸ் பாளங்களை மரத்தூளில் வைத்தார்கள். உருகிய தண்ணீர் தூளோடு கலந்து முற்றம்வரை வந்தது. ஆச்சி தலைமாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள். ராத்திரி ஈ அடங்கியபிறகும் விசிறியை வைக்கவில்லை. அழுததாக எனக்கு ஞாபகமில்லை. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சபையில் பெரியவர் ஒருவர் வந்து ஜெபம்பண்ணினார். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று தொடங்கி, ஆலயத்துக்கு ஒழுங்காக வராத பிள்ளைகளை ஆண்டவர் எப்படிச் சிட்சிக்கிறார் என்பதில் வந்து முடித்தார். மாமா கோயிலுக்கு அதிகம் போகாதவர். கூட்டம் ஆமென் சொன்னது. ஆச்சி சொல்லவில்லை. விசிறி ஒரு நொடி நின்றது, பிறகு கொஞ்சம் வேகமாக ஆடியது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்தொன்றாம் அதிகாரத்தை அவளுக்கு வாசித்துக் கொடுத்த அன்றுதான், அவள் அன்றைக்கு ஓட்டியது ஈயை மட்டும் அல்ல என்று பட்டது. காரணம் சொல்லிக்கொண்டு இறங்கி வருகிறவற்றையும் சேர்த்துத்தான் ஓட்டியிருக்கிறாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதிலில்லை. வசனத்தில் இல்லை என்றேன். "இல்லாம எப்படி?" என்றாள். "அறுப்புக் காலம்னு போட்டிருக்குல்லா. வயல்ல ஆளு இருந்திருக்கும். எவளாவது கொண்டுபோய்க் கொடுத்திருப்பா." ராஜாவுக்கு அறிவிக்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறதே, யார் அறிவித்தார்கள் என்று பெயரில்லையே என்றேன். "கஞ்சி கொண்டுபோனவதான் சொல்லியிருப்பா" என்றாள், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்பதுபோல.

அவளுக்கு அது தெரியும். மாமா கிடந்த அந்த ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நடுச்சாமத்துக்கு மேல், தூறலில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா வந்தாள். வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. கையில் ஒரு தூக்குவாளி, கருப்பட்டிக் காப்பி. ஒன்றும் பேசாமல் தம்ளரில் ஊற்றி, ஆச்சியின் உதட்டில் வைத்து, ஒவ்வொரு மிடறாகக் குடிக்க வைத்தாள். பிறகு ஆச்சியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விசிறியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். விடிய விடிய அவள்தான் விசிறினாள்.